முகவாய் ஆபரேஷனுக்குப் போகும் முன் என்ன தெரிந்திருக்க வேண்டும்?

14 ஜனவரி 2024 – கேள்வி

எனக்கு 24 வயது. பக்கவாட்டில் பார்த்தால் தாடை உள்ளே போயிருக்கும். ஆவணியில் கல்யாணம். ஒரு கிளினிக்கில் காட்டினேன். சிலிக்கோன் இம்பிளாண்ட் (தோலுக்கு அடியில், எலும்பின் மேல் வைக்கும் செயற்கைத் துண்டு) வைத்துவிடலாம், ஒரு மணி நேர வேலை, மூன்றாம் நாள் ஆபீஸ் போகலாம், ரிஸ்க் எதுவும் இல்லை என்றார்கள். இந்த வாரத்துக்குள் முன்பணம் கட்டினால் தள்ளுபடியாம். செய்துகொண்டவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

14 ஜனவரி 2024, இரவு – பதில்

முன்பணம் கட்டாதீர்கள். முதலில் அது.

நான் 2021 ஆகஸ்டில் செய்துகொண்டேன். இம்பிளாண்ட் இல்லை. முகவாய் எலும்பையே வெட்டி, 6 மில்லிமீட்டர் முன்னால் தள்ளி, டைட்டானியம் பிளேட் வைத்து ஸ்க்ரூ போட்டார்கள். ஜீனியோபிளாஸ்டி என்பார்கள். உங்களுக்கு எது சரி என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் "ரிஸ்க் எதுவும் இல்லை" என்று சொல்லும் இடத்தில் நான் ஒரு பல்லைக்கூடப் பிடுங்கிக்கொள்ள மாட்டேன்.

எக்ஸ்ரே எடுத்தார்களா? அதை மட்டும் சொல்லுங்கள். விடிந்தால் பொங்கல், வேலை கிடக்கிறது. மிச்சத்தை அப்புறம் எழுதுகிறேன்.

16 ஜனவரி 2024

எக்ஸ்ரே எடுக்கவில்லை, போனில் மூன்று போட்டோ எடுத்து, கணினியில் புது முகம் வரைந்து காட்டினார்கள் என்கிறீர்கள். நான் போன முதல் கிளினிக்கிலும் அப்படியேதான் நடந்தது. டாக்டர் என்னுடன் பேசியது ஐந்து நிமிடம். விலை பேசிய பெண் நாற்பது நிமிடம். நல்லவேளை, அன்று என்னிடம் பணம் இல்லை.

"தாடை" என்று எழுதியிருக்கிறீர்கள். நம் பேச்சில் எல்லாமே தாடைதான், ஆனால் இந்த விஷயத்தில் அந்த ஒரு சொல்லே ஆளை வழிதவற வைக்கும். முகவாய், என் பாட்டி சொல்லில் தாவாங்கட்டை, கீழ்த்தாடையின் முன்நுனி மட்டும். கீழ்த்தாடை முழுவதுமே பின்தங்கி இருப்பது ஒன்று. தாடை சரியான இடத்தில் இருந்து, நுனி எலும்பு மட்டும் சிறுத்திருப்பது இன்னொன்று. இரண்டும் ஒழுங்காகவே இருந்து, முன்பற்கள் தூக்கி உதட்டைத் தள்ளுவதால் முகவாய் சின்னதாகத் தெரிவது மூன்றாவது. கண்ணாடியில் மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரியும். செய்யவேண்டியது மூன்றுக்கும் வேறு.

முதலாவதுக்குப் பல்லில் கிளிப் போட்டு, தாடையையே வெட்டி நகர்த்தும் பெரிய ஆபரேஷன். அங்கே முகவாயை மட்டும் இழுத்துவிட்டால் பல் கடி கோணலாகவே இருக்கும், முகம் மட்டும் மாறியிருக்கும். இரண்டாவதுக்குத்தான் நாம் பேசும் ஜீனியோபிளாஸ்டி அல்லது இம்பிளாண்ட். மூன்றாவதுக்குப் பல நேரம் கிளிப்பே போதும். நான்கு கடைவாய் முன்பற்களை (கோரைப்பல்லுக்கு அடுத்து இருப்பவை) எடுத்துவிட்டு முன்வரிசையை உள்ளே இழுத்தால் உதடு உள்ளே அமரும், முகவாய் தானாக எடுப்பாகத் தெரியும். இந்த மூன்றாவது வகை தென்னிந்திய முகங்களில் ரொம்ப சகஜம். ஆகவே எலும்பில் கை வைக்கும் முன் இதைப் பார்த்தே ஆக வேண்டும்.

வீட்டிலேயே கொஞ்சம் பார்க்கலாம். கடைவாய்ப் பற்களைச் சேர்த்துக் கடித்தபடி இருங்கள். மேல் முன்பல்லுக்கும் கீழ் முன்பல்லுக்கும் நடுவே சுண்டுவிரல் நுழைகிறதா? சும்மா இருக்கும்போது உதடு மூடியிருக்கிறதா, இல்லை சிரமப்பட்டு மூட வேண்டியிருக்கிறதா? மூடும்போது முகவாயில் ஆரஞ்சுத் தோல் மாதிரிக் குழிகள் விழுகின்றனவா? இவற்றில் ஒன்று இருந்தாலும் முதலில் பார்க்கவேண்டியது கிளிப் போடும் பல் டாக்டரை.

பக்கவாட்டு எக்ஸ்ரே ஒன்று இருக்கிறது, செஃபலோகிராம் என்று பெயர். தலையை ஒரு சட்டத்தில் நிறுத்தி எடுப்பார்கள். அதில் கோடும் கோணமும் போட்டுத்தான் தாடையா, முகவாயா, பல்லா என்று சொல்ல முடியும். கூடவே எல்லாப் பல்லும் ஒரே படத்தில் தெரியும் எக்ஸ்ரே, ஓ.பி.ஜி. இவை இரண்டும் இல்லாமல் தேதி குறிப்பவரை நம்ப வேண்டாம்.

16 ஜனவரி 2024, சற்று நேரம் கழித்து

ஒன்று விட்டுப்போயிற்று. மூக்கு நுனியிலிருந்து முகவாய் நுனிக்கு ஒரு கோடு போட்டு, உதடு அதைத் தாண்டுகிறதா என்று காட்டுவார்கள். ரிக்கெட்ஸ் கோடு. அமெரிக்க வெள்ளையர் முகங்களை வைத்து 1950-களில் வந்த அளவு அது. நம் உதடுகள் பொதுவாக அந்தக் கோட்டுக்கு இன்னும் நெருக்கமாகவோ, சற்றே தாண்டியோ இருக்கும். அது குறை ஆகாது. ஸ்கேலை வைத்துக்கொண்டு கண்ணாடி முன் நின்று நான் எத்தனை இரவு அழுதிருக்கிறேன். யாராவது இதை அப்போதே சொல்லியிருக்கலாம்.

17 ஜனவரி 2024

யாரிடம் போவது என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். வாய், முக, தாடை அறுவை நிபுணர் (பல் மருத்துவம் படித்து, இந்தத் துறையில் எம்.டி.எஸ். மேற்படிப்பு முடித்தவர்), அல்லது பிளாஸ்டிக் சர்ஜன் (எம்.சிஹெச். மேற்படிப்பு முடித்தவர்). எலும்பு வெட்டும் வேலையை முன்னவர்கள் அன்றாடம் செய்கிறார்கள், விபத்தில் உடைந்த தாடையைச் சேர்ப்பவர்களும் அவர்கள்தான். பெயரும் பதிவு எண்ணும் வாங்கி மருத்துவக் கவுன்சில், பல் மருத்துவக் கவுன்சில் பதிவேட்டில் பாருங்கள். "காஸ்மெடாலஜிஸ்ட்" என்று பலகையில் இருப்பது ஆபரேஷன் செய்யும் தகுதி கிடையாது.

இன்னொரு வழி, பலர் மறந்துவிடுகிறார்கள்: சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி. கிளிப் போடும் துறையும் தாடை அறுவைத் துறையும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. காத்திருக்க வேண்டும், ஆனால் அங்கே உங்களிடம் எதையும் விற்க யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். ஆபரேஷனே அங்கே செய்ய வேண்டும் என்று சொல்லவில்லை. ஒரு கருத்துக் கேட்கவாவது போங்கள்.

21 ஜனவரி 2024

ஆபரேஷன் எப்படி நடக்கும் என்று கேட்டதற்கு.

முழு மயக்கம். மூக்கு வழியாகச் சுவாசக் குழாய் விட்டார்கள், அதனால் எழுந்த பிறகு தாடையைவிடத் தொண்டைதான் வலித்தது. வெளியே தழும்பு கிடையாது. கீழுதட்டின் உட்புறம், ஈறிலிருந்து சற்றுத் தள்ளிக் கீறி, தசையை விலக்கி, முகவாய் எலும்பைக் குறுக்கே அறுத்து, அந்தத் துண்டை இழுப்பறையைத் திறப்பது மாதிரி முன்னால் நகர்த்தி, பிளேட் வைத்து இறுக்கிவிட்டார்கள். தசையோடு ஒட்டிய எலும்பு என்பதால் இரத்த ஓட்டம் அறுபடாது, அதனால்தான் உயிரோடு சேர்கிறது. வாய்க்குள்ளாகவே இதைச் செய்யலாம் என்று காட்டியவர் ஓப்வெகேசர், 1957-இல். அதற்கு முன் 1942-இல் ஹோஃபர் என்பவர் வெளிப்புறமாகச் செய்யும் முறையை எழுதியிருந்தார். புதிய வித்தை ஒன்றும் இல்லை என்று என் டாக்டர் சொன்னது எனக்குத் தைரியமாக இருந்தது.

முகவாய்க்கு உணர்ச்சி தரும் நரம்பு, இருபக்கமும் கடைவாய் முன்பற்களுக்குக் கீழே எலும்பிலுள்ள ஒரு துளை வழியாக வெளியே வருகிறது. எலும்பை வெட்டுவது அதற்குக் கீழே. ஆகவே நரம்பில் கத்தி படாது.

இன்னொன்று, எலும்பு எவ்வளவு நகர்கிறதோ தோல் கிட்டத்தட்ட அவ்வளவு நகரும், பத்துக்கு எட்டு அல்லது ஒன்பது. 6 மில்லிமீட்டர் என்றால் வெளியே 5 தெரியும். கணினியில் வரைந்த முகத்தை இதோடு ஒப்பிட்டுக் கேள்வி கேளுங்கள்.

22 ஜனவரி 2024

நேற்று "நரம்பில் கத்தி படாது" என்று எழுதிவிட்டேன். அது சரியில்லை, என் டிஸ்சார்ஜ் காகிதங்களை எடுத்துப் படித்துவிட்டுத் திருத்துகிறேன். நரம்பு துளைக்கு நேராக வந்து நிற்பதில்லை. எலும்புக்குள் துளையைவிடத் தாழ்வாகப் போய், வளைந்து மேலேறித்தான் வெளியே வருகிறது. அதனால் துளையிலிருந்து குறைந்தது 5, 6 மில்லிமீட்டர் கீழே வெட்ட வேண்டும். அந்த வளைவு ஆளுக்கு ஆள் மாறும், அதைப் பார்க்கத்தான் முப்பரிமாண ஸ்கேன். கத்தி படாவிட்டாலும் தசையை விலக்கிப் பிடிக்கும் நேரமெல்லாம் நரம்பு இழுபடுகிறது. ஆக, கீழுதடும் முகவாயும் மரத்துப்போவது அநேகமாக எல்லோருக்கும் உண்டு. பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலிருந்து ஓராண்டுக்குள் திரும்பிவிடும். சிலருக்கு முழுசாகத் திரும்பாது.

நான் அந்தச் சிலரில் ஒருத்தி. உதட்டின் வலதுபுறம், ஒரு ரூபாய் நாணயம் அளவு.

3 பிப்ரவரி 2024

தேதியைப் பற்றி. ஆவணிக் கல்யாணத்துக்கு எப்போது செய்துகொள்ளலாம் என்று மறுபடி கேட்கிறீர்கள்.

வீக்கம் இரண்டாம், மூன்றாம் நாள்தான் உச்சம். கழுத்துவரை நீலமும் மஞ்சளுமாக இறங்கும். மூன்று வாரத்தில் வெளியே போகலாம்போல ஆகிவிடும், ஆனால் உண்மையான வடிவம் தெரிய ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருடம். எலும்பு ஓரளவு இறுகவே ஆறிலிருந்து எட்டு வாரம். அந்த ஆறு மாதமும் தினமும் கண்ணாடி பார்த்து "கோணலாக வந்துவிட்டதோ" என்று பயப்படுவீர்கள். கல்யாண போட்டோவை அந்தப் பயத்துக்குள் கொண்டுபோய் வைக்காதீர்கள்.

சாப்பாடு: ஒரு வாரம் கஞ்சி, மோர், நன்றாகக் கரைத்த ரசம் சாதம், காரம் இல்லாமல். தையலில் மிளகு பட்டால் தெரியும். ஸ்ட்ரா போட்டு உறிஞ்சக் கூடாது என்றார்கள். ஒவ்வொரு வாய்க்கும் பிறகு கொப்பளிக்க வேண்டும். குளோரெக்சிடின் கொப்பளிப்பு மருந்தை நாள்கணக்கில் பயன்படுத்தினால் பல்லில் பழுப்புக் கறை படியும். பயப்படாதீர்கள், சுத்தம் செய்தால் போய்விடும்.

மரத்த உதட்டில் சூடு தெரியாது. இரண்டாம் வாரம் டம்ளரில் காபி குடித்து உதட்டைப் பொசுக்கிக்கொண்டேன், கொப்புளம் எழுந்து அம்மா பார்த்துச் சொன்ன பிறகுதான் தெரிந்தது. கையில் ஊற்றிப் பார்த்துவிட்டுக் குடியுங்கள்.

நான் தமிழாசிரியை. வகரம் மேற்பல்லும் கீழுதடும் சேர்ந்து பிறக்கும் என்று வகுப்பில் சொல்லிக்கொடுப்பவள். ஆபரேஷன் முடிந்து பத்து நாள் என் வாயில் அந்த வகரம் பிறக்கவில்லை. பகரமும் மகரமும்கூட உதடு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் ஒலிக்க வேண்டியிருந்தது. ஆறு வாரத்தில் சரியானது. ஆசிரியர், பாடகர், தொலைபேசியில் பேசுவதே வேலையாக இருப்பவர் என்றால் விடுப்பைத் தாராளமாகக் கணக்கிடுங்கள். நாதஸ்வரம், புல்லாங்குழல் வாசிப்பவர் என்றால் அழகுக்காக மட்டும் இதைச் செய்துகொள்வதா என்று நூறு முறை யோசியுங்கள்.

4 பிப்ரவரி 2024

பிளேட்டை எடுக்க வேண்டுமா? பொதுவாக வேண்டாம், சீழ் பிடித்தாலோ உறுத்தினாலோ தவிர. டைட்டானியம் காந்தத்துக்கு ஒட்டாது, எம்.ஆர்.ஐ. எடுக்கலாம், முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள்.

18 பிப்ரவரி 2024

இம்பிளாண்ட் வைத்துக்கொண்ட ஒருவர் எனக்குத் தனியாக எழுதியிருந்தார். நான் அதைப் பற்றி ஒரு வரிகூட நல்லதாகச் சொல்லவில்லை, தான் பன்னிரண்டு வருடமாக நலமாக இருக்கிறேன் என்று. அவர் சொல்வது நியாயம். ஜனவரியில் எழுதியதில் என் கோபம் அந்தக் கிளினிக்கின் மேல் இருந்தது, அது இம்பிளாண்ட் மேல் இறங்கிவிட்டது.

சரியான முகத்துக்கு இம்பிளாண்ட் நல்ல வழிதான். சின்னக் குறை, முன்பக்கம் மட்டும் கொஞ்சம் எடுப்பு வேண்டும், நீளமோ கோணலோ பிரச்சினை இல்லை என்றால் போதும். நேரம் குறைவு, எலும்பு வெட்டுவது இல்லை, வேண்டாம் என்றால் எடுத்துவிடலாம். முகவாயை நீட்ட, குறைக்க, நடுக்கோட்டுக்குக் கொண்டுவர வேண்டும் என்றால் பெரும்பாலும் எலும்பு வெட்டும் முறைதான்.

ஆனால் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை: எந்தப் பொருள்? சிலிக்கோனைச் சுற்றி உடம்பு ஓர் உறை கட்டிக்கொள்கிறது, அதனால் எடுப்பது சுலபம். நுண்துளை உள்ள பாலிஎத்திலீன் என்றால் துளைகளுக்குள் சதை வளர்ந்து பிடித்துக்கொள்ளும். நகராது, ஆனால் எடுக்க நேர்ந்தால் பாடு. எந்த வழி? முகவாய்க்கு அடியில் கீறினால் சிறு தழும்பு இருக்கும், வாய்க்கிருமி படாது. வாய்க்குள் கீறினால் தழும்பு இல்லை, தொற்றுக்கு வாய்ப்பு கூடுதல். எதனால் பிடித்து நிறுத்துவார்கள், ஸ்க்ரூவா? இம்பிளாண்டுக்கு அடியில் எலும்பு கொஞ்சம் கரையும். கீழே கெட்டியான எலும்பின் மேல் அமர்ந்திருந்தால் அது பெரும்பாலும் சிறு அளவில் நின்றுவிடும். மேலே ஏறிப் பல் வேர்களுக்கு அருகில் அமர்ந்தால்தான் கவலை.

இரண்டு முறைக்கும் பொதுவான ஓர் ஆபத்தை யாரும் சொல்வதில்லை. முகவாயைத் தூக்கிப் பிடிக்கும் தசை ஒன்று இருக்கிறது. கீறிய பிறகு அதைப் பழைய இடத்தில் திரும்பத் தைக்க வேண்டும். தைக்காமல் விட்டால், அல்லது தையல் விட்டுப்போனால், முகவாய்ச் சதை கீழே தொங்கும், கீழுதடு இறங்கிக் கீழ்ப்பல் தெரியும். பெரிய இம்பிளாண்டைப் பல வருடம் கழித்து எடுத்தாலும் இப்படி ஆகலாம். "தசையை எப்படித் தைப்பீர்கள்?" என்று கேளுங்கள். பதில் சொல்லும் விதத்திலேயே ஆள் தெரிந்துவிடும்.

2 மார்ச் 2024

ஃபில்லர் பற்றி, அதாவது முகவாய் எடுப்பாகத் தெரிய ஊசியால் உள்ளே செலுத்தும் ஜெல். ஹயலுரானிக் அமிலம் என்றால் ஒரு வருடம், ஒன்றரை வருடம் நிற்கும், பிடிக்கவில்லை என்றால் கரைக்கும் ஊசி உண்டு. ஆபரேஷனுக்கு முன் ஒத்திகை பார்ப்பதுபோலச் சிலர் போட்டுப் பார்க்கிறார்கள். அது நல்ல யோசனை என்றே நினைக்கிறேன்.

அழகு நிலையத்தில் மட்டும் போட்டுக்கொள்ளாதீர்கள். ஊசி இரத்தக் குழாய்க்குள் போனால் தோல் வெளுத்து, திட்டுத் திட்டாகக் கறுத்து, கடுமையாக வலிக்கும். உடனே கரைக்கும் ஊசி போட வேண்டும். அந்த மருந்து அறையிலேயே இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் படுங்கள்.

10 மார்ச் 2024

"நீங்கள் ஏன் செய்துகொண்டீர்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு நாள் யோசித்தேன்.

பள்ளியில் படிக்கும்போது எனக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது, அதை இங்கே எழுத மனம் இல்லை. ஆனாலும் முப்பது வயதுவரை ஆபரேஷன் என்ற நினைப்பே வந்ததில்லை. 2020-இல் பள்ளி மூடியது. ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் போனில் வகுப்பு. பிள்ளைகள் எல்லோரும் கேமராவை அணைத்துவிடுவார்கள், திரையில் என் முகம் மட்டும் இருக்கும். போன் ஒரு முழத்துக்கும் குறைவான தூரத்தில், கொஞ்சம் கீழேயிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஒன்றரை வருடம் அப்படி.

பிறகுதான் தெரிந்தது: 2018-இல் அமெரிக்க மருத்துவர்கள் கணக்குப் போட்டு வெளியிட்ட ஒரு கட்டுரை உண்டு. 12 அங்குலத்தில் எடுத்த செல்ஃபியில் மூக்கு, 5 அடியில் எடுத்த படத்தைவிடச் சுமார் 30 சதவீதம் அகலமாகத் தெரியும். கேமராவுக்கு அருகில் இருப்பது ஊதிப் பெரிதாகிறது, தள்ளி இருப்பது சுருங்குகிறது. மூக்கு பெருத்தால் முகவாய் இன்னும் சின்னதாகத்தானே தெரியும்? நான் வெறுத்த அந்த முகம் பாதி என்னுடையது, பாதி லென்ஸுடையது.

எனக்கு முகவாய் எலும்பு உண்மையாகவே சிறியது, எக்ஸ்ரேயிலும் தெரிந்தது. ஆபரேஷன் தேவையே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பள்ளி திறந்து ஆறு மாதம் போகட்டும், மனிதர்கள் நேரில் என்னைப் பார்க்கட்டும், அப்புறம் முடிவு செய்யலாம் என்று இருந்திருக்க வேண்டும். அந்த ஆறு மாதத்தை நான் எனக்குக் கொடுக்கவில்லை.

உங்கள் படத்தை இன்னொருவரை விட்டு, ஐந்தாறு அடி தள்ளி நின்று, கண் மட்டத்தில் எடுக்கச் சொல்லுங்கள். அதை வைத்துக்கொண்டு மறுபடி யோசியுங்கள்.

11 மார்ச் 2024

நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு ஒருவர், தான் மூன்று முறை செய்தும் மனம் ஆறவில்லை, நான்காவதாக யாரிடம் போகலாம் என்று கேட்டிருக்கிறார். மற்றவர் கண்ணுக்குத் தெரியாத குறை நாள் முழுக்க மனதை அரித்து, வேலையையும் தூக்கத்தையும் கெடுத்தால் அதற்கு மனநல மருத்துவத்தில் பெயரும் சிகிச்சையும் இருக்கிறது. கத்தி அதை ஆற்றுவதில்லை, பெரும்பாலும் குறை வேறு இடத்துக்கு நகர்ந்துவிடும். தயவுசெய்து நான்காவது சர்ஜனுக்கு முன் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். உங்களைக் குறைத்துச் சொல்லவில்லை. எனக்கும் அந்தப் பக்கத்து வாசல் ஒரு கட்டத்தில் திறந்திருந்தது.

28 ஏப்ரல் 2024

கொரியாவில் மலிவாக, கச்சிதமாகச் செய்கிறார்களாமே என்று ஒரு கேள்வி.

சியோலில் 2016-இல் ஒரு கல்லூரி மாணவன் தாடை எலும்பைச் சீராக்கும் ஆபரேஷனுக்குப் போனான். இரத்தப்போக்கு நிற்கவில்லை. தானே செய்வதாகப் பேசிய சர்ஜன் பாதியில் வேறு அறைகளுக்குப் போய்விட்டார், பயிற்சி முடித்த நிலையில் இருந்த இளம் மருத்துவர் தொடர்ந்தார், அவரும் போன பிறகு உதவியாளர்கள் மட்டுமே இருந்தார்கள். ஏழு வாரம் நினைவில்லாமல் கிடந்து இறந்தான். அவன் தாய் ஆபரேஷன் அறைக் கேமராப் பதிவை நூற்றுக்கணக்கான முறை பார்த்து, யார் எத்தனை நிமிடம் அறையில் இருந்தார்கள் என்று குறித்து, வருடக்கணக்கில் போராடினார். ஆபரேஷன் அறைகளில் கேமரா கட்டாயம் என்று 2021-இல் சட்டம் நிறைவேறி, 2023 செப்டம்பரில் அமலுக்கு வந்தது.

கொரியா மோசம் என்பதற்காக இதை எழுதவில்லை, அங்கே அற்புதமான சர்ஜன்கள் இருக்கிறார்கள். அந்தத் தாயிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ளும் கேள்விகள் உண்டு. என்னுடன் பேசும் நீங்களேதான் முழுக்கச் செய்வீர்களா? மயக்க மருந்து நிபுணர் யார், கடைசிவரை அறையில் இருப்பாரா? இரத்தம் நிற்காவிட்டால் என்ன ஏற்பாடு? முகவாய் ஆபரேஷனில் நாக்குக்கு அடியில் இரத்தம் கட்டினால் அது நாக்கைத் தூக்கி மூச்சை அடைக்கும். அபூர்வம்தான், ஆனால் நடக்கும்போது ராத்திரியாக இருக்கும். "எலும்பு வெட்டி அன்றைக்கே வீட்டுக்கு" என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஓர் இரவாவது ஆஸ்பத்திரியில் இருங்கள்.

12 மே 2024

பணம். எனக்கு எல்லாம் சேர்த்து 1,60,000 ரூபாய் ஆனது. இன்சூரன்ஸில் அழகுக்கான அறுவை பொது விலக்குப் பட்டியலில் இருக்கிறது. விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிறகான சீரமைப்பு, மருத்துவத் தேவை என்று டாக்டர் சான்றளிப்பது ஆகியவற்றுக்குத்தான் கிடைக்கும். ஜி.எஸ்.டி.யும் அப்படியே. மருத்துவச் சேவைக்கு வரி இல்லை, அழகு அறுவைக்கு 18 சதவீதம் உண்டு. பிறவிக் குறை, வளர்ச்சிக் குறை, காயம் என்றால் விலக்கு. சொன்ன தொகையில் வரி சேர்ந்திருக்கிறதா என்று எழுதி வாங்குங்கள், எனக்குக் கடைசி நாளில்தான் சொன்னார்கள்.

ஒப்புதல் படிவம் தமிழில் கேளுங்கள். முந்தின நாளே வாங்கி வீட்டில் படியுங்கள். "அப்படியே கன்னத்துக் கொழுப்பையும் எடுத்துவிடலாம்" என்று ஸ்ட்ரெச்சரில் படுத்திருக்கும்போது என்னிடம் ஒருவர் கேட்டார். முடியாது என்றேன். ஒரு சிகிச்சைக்குத் தந்த ஒப்புதல் இன்னொன்றுக்கு ஆகாது என்று 2008-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, உயிர் காக்கும் அவசரம் தவிர.

23 ஜூன் 2024

15 வயது மகனுக்குச் செய்யலாமா என்று ஒரு தாய். கீழ்த்தாடைதான் முகத்தில் கடைசியாக வளர்ந்து முடிவது, பையன்களுக்குப் பதினெட்டு தாண்டியும் வளரும். இப்போது கிளிப் டாக்டரை மட்டும் பாருங்கள், வளர்ச்சி மிச்சம் இருந்தால் அதைச் சரியான பக்கம் திருப்பிவிடும் கருவிகள் உண்டு.

ஆனால் "வாய் முழுசாகத் திறப்பதில்லை" என்று நடுவில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அது எனக்குத் தூக்கம் வராமல் செய்தது. என் அத்தை மகன் நான்கு வயதில் திண்ணையிலிருந்து முகவாய் அடிபட விழுந்தான். மூன்று தையல் போட்டு அனுப்பிவிட்டார்கள். காதுக்கு முன்னால் இருக்கும் தாடை மூட்டு உடைந்ததை யாரும் பார்க்கவில்லை. மெல்ல மெல்ல மூட்டு எலும்போடு எலும்பாக ஒட்டிக்கொண்டது. வாய் ஒரு விரல் அளவுக்கு மேல் திறக்காது, தாடை வளராது, முகவாய் அப்படியே உள்ளே போய்விட்டது. ராத்திரி அவன் விடும் குறட்டை தெருவுக்குக் கேட்கும், நடுவில் மூச்சு நிற்கும். எல்லோரும் "தாவாங்கட்டை இல்லாத பிள்ளை" என்று முகத்தைத்தான் பார்த்தார்கள். இது அழகுப் பிரச்சினையே இல்லை. முதலில் மூட்டு, அப்புறம் மூச்சு, அதற்கப்புறம்தான் முகம். உங்கள் மகன் சின்ன வயதில் விழுந்திருக்கிறானா? குறட்டை உண்டா? நாளைக்கே அழைத்துப்போங்கள்.

30 ஜூன் 2024

அந்தத் தாய் பதில் எழுதியிருக்கிறார். அழைத்துப்போனாராம். ஸ்கேனுக்குச் சொல்லியிருக்கிறார்கள். சந்தோஷம்.

8 செப்டம்பர் 2024

முதலில் கேள்வி கேட்டவரிடமிருந்து செய்தி. கல்யாணம் நல்லபடியாக முடிந்தது, முன்பணம் கட்டவே இல்லை, மே மாதம் எக்ஸ்ரே எடுத்தார், தாடையும் முகவாயும் அளவில்தான் இருக்கின்றன, பற்கள்தான் முன்னால். நான்கு பல் எடுத்துக் கிளிப். கல்யாண போட்டோ கழிந்த மறுவாரம் போட்டுக்கொண்டாராம், இரண்டு வருடம் ஆகும் என்றார்களாம்.

"அப்போ நீங்கள் செய்ததும் தேவையில்லையோ அக்கா" என்று கேட்கிறீர்கள். இல்லை, என் எக்ஸ்ரே வேறு, உங்கள் எக்ஸ்ரே வேறு. இந்த இழையைப் படிக்கிற மற்றவர்களும் அவருக்கு வந்த பதிலைத் தங்களுக்கு எடுத்துக்கொள்ள வேண்டாம்.

17 நவம்பர் 2024

மூன்று வருடம் தாண்டிவிட்டது, அந்த மரத்த இடம் எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள்.

நரம்பு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் வளரும் என்பார்கள். முதல் வருடம் எறும்பு ஊர்வதுபோல இருந்தது, அது நல்ல அறிகுறி என்றார் டாக்டர். பஞ்சைத் திரித்து வருடியும், இரண்டு முனையால் தொட்டும் சோதிப்பார். இடதுபுறம் முழுசாக வந்துவிட்டது. வலதுபுறம் நின்ற இடத்திலேயே நிற்கிறது. சாப்பிடும்போது அங்கே பருக்கை ஒட்டியிருந்தால் தெரியாது, என் கணவர் தன் உதட்டைத் தொட்டுக் காட்டுவார்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். பாட்டிக்கு இப்போது கண் சரியாகத் தெரியாது. யார் போனாலும் முகவாயைப் பிடித்துத் தடவித்தான் ஆளை அறிவாள். என்னையும் தடவினாள். "இது யாரு, புதுசா இருக்கே" என்றாள். அம்மா பெயர் சொன்ன பிறகு சிரித்து, மறுபடி தொட்டாள். அவள் விரல் அந்த இடத்தைக் கடந்தபோது எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

என் முகம் எனக்குப் பிடித்திருக்கிறது. இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும், இரண்டுமே உண்மை.

14 ஜனவரி 2025

கிளிப் போட்டுக்கொண்டு கரும்பு கடிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடிக்கக் கூடாது, பல்லில் ஒட்டிய பிராக்கெட் பெயர்ந்துவிடும். சாறு பிழிந்து குடியுங்கள், குடித்ததும் பல் தேயுங்கள். நான் ஆபரேஷன் முடிந்து ஐந்தாவது மாதம், 2022 பொங்கலுக்கு, டாக்டரிடம் கேட்டுவிட்டுச் சின்னத் துண்டாக நறுக்கிக் கடைவாயில் வைத்து மென்றேன். முன்பல்லால் கடித்து உரித்தது அடுத்த வருடம்தான்.